கோவிலம்பாக்கம் ஏரி வயல்களில் டிராக்டர்

தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரை நிலம் கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் வரிசையாக அமைந்துள்ளன. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். எல்லாம் கடைசியில் சதுப்புநிலத்தில் சேரும். இந்த வரிசையின் கீழ்ப்பகுதியில், நன்மங்கலம் காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவே இருக்கும் ஊர் கோவிலம்பாக்கம். இன்று இது அடுக்குமாடிகளும் கடைவீதியுமாக நெருங்கிவிட்ட புறநகர். ஆனால் இந்தப் பகுதியின் வேலைமுறைகளை நெடுங்காலம் தீர்மானித்தவை ஏரியும், அதன் மதகுக்குக் கீழே வரப்புகளால் துண்டுபட்ட நெல் வயல்களும்தான். டிராக்டர் இங்கே வந்த விதமும், வந்தபின் அது செய்த வேலைகளும் அந்த நில அமைப்பையே ஒட்டியவை.

செங்கல்பட்டுச் சீமையில் நெல்லுக்கு மூன்று பருவங்கள் உண்டு. சித்திரை வாக்கில் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி தையில் நட்டுக் கோடையின் தொடக்கத்தில் அறுக்கும் நவரை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் சம்பாவுக்குக் கவலையில்லை; நவரைக்கும் தண்ணீர் மிஞ்சும். சொர்ணவாரி பெரும்பாலும் கிணற்றை நம்பியது. ஏரி நீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்ச நீர்க்கட்டி என்ற ஊழியர் ஊருக்கு ஊர் இருந்தார். அவருக்குக் கூலி, களத்தில் அளக்கும் நெல்லில் ஒரு பங்கு. 1763-ல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன் பிறகு 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் நடத்திய அளவையில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் ஏரி, நிலம், வீடு, பங்கு ஆகியவை பதிவாயின. ஒரு வயலின் விளைச்சல் எத்தனை கைகளுக்குப் பிரிந்து போயிற்று என்பதை அந்தப் பதிவுகள் துல்லியமாகக் காட்டுகின்றன.

உழவு என்றால் நாட்டுக் கலப்பை. கருவேலமோ வேறு உறுதியான மரமோ கொண்டு தச்சர் செய்த உடல், கொல்லர் அடித்த கொழு, நுகத்தடியில் பூட்டிய ஒரு சோடி மாடு. நெல் வயலில் தண்ணீரைக் கட்டி, தழையை மிதித்து, மண் குழம்பாகும்வரை திரும்பத் திரும்ப உழுவதைச் சேடை ஓட்டுவது என்பார்கள். அடி மண் இறுகித் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க வேண்டும், நாற்றின் வேர் இளக்கமான சேற்றில் ஊன்ற வேண்டும் என்பதே இதன் நோக்கம். சேடை ஓட்டியபின் பரம்பு அடித்து மட்டமாக்குவார்கள். மண்வெட்டியால் வரப்பின் பக்கத்தைச் செதுக்கிச் சேறு பூசி அண்டை கட்டுவார்கள். விடியலில் பூட்டிய ஏரை வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவது வழக்கம். ஒரு சோடி மாடு ஒரு பொழுதில் சேற்றில் அரை ஏக்கர் உழுவதே பெரிது. நாலைந்து ஓட்டு ஓட்டினால்தான் சேடை பதமாகும் என்பதால், இரண்டு ஏக்கர் வைத்திருந்த குடும்பமும் நடவுக்கு முன் பல நாள் வயலிலேயே கிடந்தது.

ஏர் பிடித்த கை பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தமான கை அல்ல. மிராசு உரிமை கொண்டவர்களின் நிலத்தில் படியாள்கள் உழுதார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உள்ளான சாதியினர். கடனும் குடியிருப்பு மனையும் அவர்களை ஒரே பண்ணையில் பிணைத்திருந்தன. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஜே. எச். ஏ. திரமென்ஹீர் 1891-ல் இந்த நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். பஞ்சமி நிலம் என்று பின்னர் அறியப்பட்ட, அவர்களுக்கான நில ஒப்படைப்புகள் 1892-ல் தொடங்கியது அந்த அறிக்கையின் விளைவே. இந்தச் சீமையின் உழவு வரலாற்றை மாட்டையும் கலப்பையையும் மட்டும் வைத்து எழுதினால் அது பாதி வரலாறுதான். பிற்காலத்தில் டிராக்டர் யாருடைய வேலையைப் பறித்தது, யாரை எந்தக் கட்டிலிருந்து அவிழ்த்தது என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது.

இயந்திர உழவு முதலில் முயலப்பட்டது கோவிலம்பாக்கத்துக்கு வடக்கே, சில மைல் தூரத்தில். சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் காலத்தில், 1860-களின் நடுவில், சைதாப்பேட்டையில் சுமார் 350 ஏக்கரில் அரசு சோதனைப் பண்ணை ஒன்று அமைந்தது. இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, பரம்பு, விதைக்கும் கருவிகள் முதலியன வரவழைக்கப்பட்டன. நீராவிக் கலப்பை வயலுக்குள் இறங்குவதில்லை. வயலின் ஓரத்தில் நிற்கும் எஞ்சின், கம்பி வடத்தைச் சுருட்டிக் கலப்பையை இக்கரைக்கும் அக்கரைக்கும் இழுக்கும். அதற்கு நீண்ட, திறந்த, வரப்பில்லாத நிலம் வேண்டும். சிறிய பாத்திகளாகக் கட்டிய ஏரிப் பாசன வயல்களில் அதற்கு இடமே கிடையாது. எரிபொருளும் பராமரிப்பும் எந்தச் சிறு உழவருக்கும் எட்டாதவை. நீராவி உழவு இந்த மண்ணில் நிலைக்கவில்லை. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறி, பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கருவி எவ்வளவு வலியது என்பதைவிட வயல் எவ்வளவு பெரியது என்பதே முடிவு செய்யும் என்ற பாடம் சைதாப்பேட்டையிலேயே கிடைத்துவிட்டது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் அது பொருந்தியது.

சிறு வயலுக்கு ஏற்ற டிராக்டர் உருவாக ஒரு பொறியியல் மாற்றம் தேவைப்பட்டது. அதுவரை டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியில் கட்டி வண்டியைப்போல் இழுத்தன. வழுக்காமல் இழுக்க வண்டி கனமாக இருந்தாக வேண்டும். கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும் ஆபத்தும் இருந்தது. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் மூன்று முனைகளில் கலப்பையை டிராக்டரோடு இணைத்து, நீரியல் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் வழி கண்டார். மண்ணின் எதிர்ப்பே பின் சக்கரங்களை நிலத்தில் அழுத்தும்படி அந்த இணைப்பு அமைந்தது. அதனால் எடை குறைந்த வண்டியும் நன்றாக உழ முடிந்தது. வரப்போரத்தில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு சிறு வட்டத்தில் திரும்பவும் முடிந்தது. 1946-ல் வெளிவந்த அவருடைய சாம்பல் நிற டிஇ-20 உலகெங்கும் சிறு பண்ணைகளுக்குள் நுழைந்தது. 1953-ல் அவருடைய நிறுவனம் மாசி-ஹாரிஸோடு இணைந்தது. அதுவே பின்னர் மாசி பெர்குசன் ஆயிற்று.

அந்த வண்டியின் வழிவந்தவை சென்னையிலேயே உருவாகத் தொடங்கியது 1960-களில். சிம்சன் உள்ளிட்ட அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வழிநடத்திய எஸ். அனந்தராமகிருஷ்ணன் மாசி பெர்குசனுடன் சேர்ந்து 1960-ல் டிராக்டர்ஸ் அண்டு பார்ம் எக்விப்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். உழவர்கள் வாயில் அது டாபே. செம்பியத்தில் வண்டி தயாரானது. எஞ்சின் பக்கத்திலேயே இருந்த சிம்சனிலிருந்து வந்தது. 35 குதிரைத்திறன் கொண்ட சிவப்பு மாசி தமிழ்நாட்டுக் கிராமங்களில் மிகப் பரவலாகத் தெரிந்த டிராக்டராயிற்று. 1964-ல் அதே நிறுவனம் கேளம்பாக்கத்தில் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றை அமைத்தது. இவ்வாறு கோவிலம்பாக்கத்துக்கு வடக்கே சென்னையின் மறுகோடியில் தொழிற்சாலையும், தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் சோதனை வயலும் இருந்தன. தென்சென்னைப் புறநகர் ஊர்களுக்கு உதிரி பாகமும் மெக்கானிக்கும் எளிதில் கிடைத்ததற்கு இந்த அண்மையும் ஒரு காரணம்.

வண்டி கிடைத்ததால் மட்டும் அது பரவிவிடவில்லை. அதை அவசியமாக்கியது புதிய நெல். ஆடுதுறை 27 என்ற ரகம் 1965-லும், ஐஆர் 8 அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. ஐந்தாறு மாதம் நின்ற பழைய சம்பா ரகங்களுக்குப் பதிலாக மூன்றரை, நான்கு மாதத்தில் முற்றும் குட்டை ரகங்கள் வந்தன. ஒரு பருவத்தை அறுத்த கையோடு அடுத்ததற்கு நடலாம் என்ற நிலை ஏற்பட்டது. அந்த இடைவெளியில் சேடை ஓட்ட மாட்டு ஏருக்கு நேரம் போதவில்லை. கிணறுகளில் மாடு இழுக்கும் கவலையும், ஏற்றமும் போய் மின் மோட்டார் வந்த காலமும் இதுதான். சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. கவலை இழுக்க மாடு வேண்டாம் என்றானதும், ஆண்டில் சில நாள் உழவுக்காக மட்டும் ஒரு சோடி மாட்டைத் தீனி போட்டு வளர்ப்பது சிறு குடும்பத்துக்குக் கட்டுபடியாகவில்லை. மாட்டை விற்றுவிட்டு டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டார்கள். டிராக்டர் மாட்டை வெளியேற்றியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கிணற்று மேட்டில் அந்த வேலையைத் தொடங்கிவைத்தது மோட்டார்.

சேற்று வயல் டிராக்டருக்கு எளிதாக இடம் கொடுக்கவில்லை. ரப்பர் டயர் சேற்றில் வழுக்கும். ஏரிக்கு அருகில், தண்ணீர் வடியாத பள்ள வயலில் அச்சு வரை புதையும். புதைந்த வண்டியை மீட்க இன்னொரு வண்டியும் பலகையும் கயிறும் வர வேண்டும். இதற்குத் தீர்வாக வந்தது கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம். டயரோடு சேர்த்தோ டயருக்குப் பதிலாகவோ மாட்டும் இச்சக்கரம் அகலமாக இருப்பதால் வண்டியைத் தாங்குகிறது. அதன் பட்டைகள் சேற்றைக் கலக்கியும் விடுகின்றன. ஒன்பது கொத்துக் கலப்பையோடு இரண்டு ஓட்டு ஓட்டினாலே சேடை பதமாகிறது. அதே சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பெயர்ந்துவிடும். எனவே வயல் மேட்டில் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது ஒவ்வொரு பருவத்திலும் தவிர்க்க முடியாத சிறு வேலையாயிற்று. மிகச் சிறிய பாத்திகளுக்கு, கையால் பிடித்து ஓட்டும் பவர் டில்லர் பொருத்தமாக இருந்தது. பெங்களூரின் விஎஸ்டி நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியுடன் சேர்ந்து 1967 முதல் இதைக் கொண்டுவந்தது. புன்செய் மேடுகளில், வேர்க்கடலைக்கும் காய்கறிக்கும், சட்டிக் கலப்பையும் கொத்துக் கலப்பையும் போதும். ரொட்டவேட்டர் பரவலானது மிகவும் பிற்பட்ட காலத்தில்.

டிராக்டர் வைத்திருக்கும் வீட்டில் காலை வேலை வண்டியிலிருந்து தொடங்கும். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது, குச்சியை எடுத்து எஞ்சின் ஆயில் மட்டம் பார்ப்பது, ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தில் படிந்த புழுதியைக் கழுவி ஆயில் மாற்றுவது, முன் அச்சுக்கும் இணைப்புக் கைகளுக்கும் கிரீஸ் அடிப்பது எல்லாம் அன்றாடம் நடக்கும். டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டால், திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பேட்டரி பலவீனமான வண்டியை மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும் வழக்கம். பின் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் ஓட்டத் தெரியாதவராக இருக்கலாம். டிரைவர் இந்த வேலைகளை அறியாதவராக இருந்தால் வண்டி ஒரு பருவம்கூடத் தாங்காது. கிராமத்தில் இயந்திர அறிவு வளர்ந்தது எந்தப் பள்ளியிலும் அல்ல, இந்தக் காலை வேலைகளில்தான். ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் ஸ்டியரிங் பிடித்தார்கள். அதிலிருந்து லாரிக்கும் பேருந்துக்கும் போனார்கள்.

ஆண்டு முழுவதும் பார்த்தால் உழவு வண்டியின் வேலையில் ஒரு பகுதிதான். கோடையில் எருக்குழியைக் காலி செய்து வயலுக்கு எரு அடிக்க வேண்டும். வற்றிய ஏரியிலிருந்து வண்டல் மண்ணை வெட்டி வந்து மேட்டு நிலத்தில் பரப்ப வேண்டும். இது மாட்டு வண்டிக் காலத்திலிருந்தே உண்டு. வயலுக்கும் உரம், ஏரிக்கும் ஆழம். லெவலர் பலகையை மாட்டி மேடு பள்ளம் நிரவ வேண்டும். அறுப்பு முடிந்தால் தாளைக் களத்தில் வட்டமாகப் பரப்பி, அதன்மேல் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிட்ட பிணையல் வேலையை டயர் செய்தது. நெல் மூட்டையும் வைக்கோலும் டிரெய்லரில் ஏறும். ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு நடந்த மரியாதையில் ஒரு பங்கு டிராக்டருக்கும் கிடைத்தது. தேர் இல்லாத ஊர்களில் அலங்கரித்த டிரெய்லரில் உற்சவர் வீதியுலா வருவது இன்றும் வட தமிழகக் கிராமங்களில் சாதாரணம். நடவும் களையெடுப்பும் மட்டும் கடைசிவரை பெண்களின் கையிலேயே இருந்தன; டிராக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வயலில் மிகக் கடினமான, முதுகு ஒடியும் வேலை இயந்திரத்துக்காக மிக அதிகக் காலம் காத்திருந்தது என்பது இந்த வரலாற்றின் பெரிய குறை.

இவ்வளவு வேலை இருந்தும் சிறு உழவருக்குச் சொந்த டிராக்டர் கட்டுபடியாவதில்லை. கொத்துக் கலப்பையோடு ஒரு ஏக்கரை ஓர் ஓட்டு ஓட்ட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து ஏக்கரில் இரண்டு பருவம் நட்டாலும் சொந்த உழவு ஆண்டுக்குச் சில பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். வண்டிக்கு வாங்கிய கடன் அடைய ஆண்டுக்கு 1,000 மணி நேரமாவது அது ஓட வேண்டும் என்பது வங்கிகள் வைத்திருந்த கணக்கு. தமிழ்நாட்டிலோ 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆகவே டிராக்டர் இங்கே தொடக்கத்திலிருந்தே ஒருவர் வாங்கி ஊரே பயன்படுத்தும் இயந்திரம்தான். மணிக்கணக்கில் உழவு, நடைக்கணக்கில் பாரம் என்று இரண்டு வகை வாடகை. உழவுக்கு எல்லோரும் ஒரே பத்து நாளில் கூப்பிடுவார்கள். மீதி நாளெல்லாம் பாரம் அடித்தால்தான் தவணை கட்ட முடியும். டிரெய்லர் இல்லாத டிராக்டர் சொந்தக்காரருக்குச் சுமை.

சென்னையை ஒட்டிய ஊர்களில் இந்தப் பாரமே நாளடைவில் முதன்மை வேலையாயிற்று. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளில் கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் இருந்தன. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஒட்டி சார்னகைட் என்று புவியியலாளர் பெயரிட்ட அதே பாறை இது. செங்கல், மணல், ஜல்லி, கிராவல் எல்லாம் குறுகிய கிராமச் சாலையில் போக டிராக்டரே ஏற்றது. சென்னைப் பெருநகரின் முதல் பெருந்திட்டம் 1975-ல் ஒப்புதல் பெற்றது. வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் என்று வீட்டு மனைகள் தெற்கே நகர்ந்தன. தரமணியில் 2000-ல் டைடல் பூங்கா திறந்தபின் அந்த நகர்வு வேகம் பிடித்தது. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை கோவிலம்பாக்கத்தைப் பழைய மாமல்லபுரம் சாலையோடு நேராக இணைத்தது. இந்தச் சீமையில் வயலை அளந்த காணி 1.32 ஏக்கர். 2,400 சதுர அடி மனைக் கணக்கில் ஒரு காணிக்குச் சரியாக 24 மனை. நெல் விளைந்த நிலத்தை மனையாகக் கணக்குப் பார்த்த எந்தக் குடும்பத்தையும் குறை சொல்ல முடியாது. அந்த மனைகளுக்கு மண் நிரவியதும் செங்கல் இறக்கியதும் பெரும்பாலும் அதே வயல்களை உழுத வண்டிகள்தாம்.

நிலம் மனையானபின் எஞ்சியது கிணறு. நன்மங்கலம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் சுற்றுவட்டாரத்தில் விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடியிருப்புகளுக்கு விற்கும் தொழில் வளர்ந்தது. குழாய் நீர் எட்டாத புதுக் குடியிருப்புகளுக்கு வேறு வழியில்லை. அகலமான தெருவுக்கு லாரி, சந்துக்கு டிராக்டர் இழுக்கும் சிறு டேங்கர் என்று பிரிவினை ஏற்பட்டது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-லேயே வந்தது. ஆனால் தேவை அந்தச் சட்டத்தைவிட வலுவாக இருந்தது. 2019 ஜூனில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டபோது தென்புறநகர் முழுவதும் டேங்கரை நம்பியிருந்தது. பயிருக்குத் தண்ணீர் இறைத்ததைவிடத் தண்ணீரையே விற்றது அதிக வருமானம் தந்ததால், எஞ்சியிருந்த வயல்களும் தரிசாயின. ஏரிகளின் ஆயக்கட்டு மறைந்ததும் மதகும் வாய்க்காலும் கவனிப்பாரற்றுப் போயின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதி பட்ட துன்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

உழவு டிராக்டர் முழுவதும் போய்விடவில்லை, தெற்கேயும் மேற்கேயும் தள்ளிப்போயிருக்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலத்திலும், வண்டலூருக்கு அப்பால் திருப்போரூர், மதுராந்தகம் பக்கங்களிலும் ஏரிப் பாசன நெல் நிற்கிறது. 2017 மார்ச்சில் தமிழக அரசின் குடிமராமத்துத் திட்டம் தொடங்கப்பட்டது மணிமங்கலம் ஏரியில்தான். ஏரி வண்டலை விவசாயிகள் எடுத்துச் செல்ல அனுமதி கிடைத்ததும் டிரெய்லர்கள் மறுபடி ஏரிக்குள் இறங்கின. 1981-ல் தனித் துறையான வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களைக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. 2018-ல் வந்த உழவன் செயலி மூலம் முன்பதிவு செய்யலாம். கொரோனா ஊரடங்கின்போது 2020-ல் டாபே நிறுவனம் தமிழ்நாட்டுச் சிறு விவசாயிகளுக்குக் கட்டணமின்றி டிராக்டர் உழவு வழங்கியது. களத்தில் தாள் மிதித்த வேலையை அறுவடை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. கோவிலம்பாக்கத்தில் மாதவரம் சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்துக்கான தூண்கள் எழுந்திருக்கின்றன. அங்கே காணப்படும் டிராக்டர்கள் தண்ணீரும் கட்டுமானப் பொருளும் குப்பையும் இழுக்கின்றன.